மதினியின் பனியும் என் பங்குனியும்

எங்கள் வீட்டில் சாயங்காலமானால் வேட்டிகளைப் படுக்கப் போடுகிறார்கள். கிண்டல் செய்கிறேன் என்று நினைக்காதீர்கள், உள்ளதைத்தான் சொல்கிறேன். விளக்கு வைக்கும் நேரத்துக்குச் சற்று முன்னால் என் மதினி பேச்சியம்மாள், அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா, பழைய வேட்டிகளைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னாலிருக்கும் கரிசலுக்குப் போவார். அங்கே முழங்கால் உயரம்கூட வளராத கொண்டைக்கடலைச் செடிகள். அவற்றின் தலைமேல் ஒவ்வொரு வேட்டியாக விரித்து, காற்றில் பறந்துவிடாமல் ஓரங்களில் மண்கட்டியைத் தூக்கி வைத்துவிட்டு, தூங்கும் பிள்ளைக்குப் போர்த்திவிட்ட திருப்தியோடு திரும்பி வருவார். ராத்திரி இறங்குகிற பனி, செடியின் புளிப்பையும் கரைத்துக்கொண்டு துணியில் ஊறும். விடிந்ததும் போய் அதைப் பிழிந்து கலயத்தில் சேர்ப்பார். கடலைப்புளிப்பு என்று அதற்குப் பெயர். வயிற்றுப் பொருமலுக்கும் குமட்டலுக்கும் அது மருந்தாம். சுற்றுப்பட்டிக்காரர்கள் சீசாவைத் தூக்கிக்கொண்டு மதினியைத் தேடி வருவார்கள்.

ரங்கூனில் என்னோடு தெருவில் ஓடி விளையாடியவர்களே, கப்பலேறியும் கால்தேய நடந்தும் வந்து இந்தத் தேசத்தின் மூலைமுடுக்குகளில் ஒண்டிக்கொண்டிருப்பவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நம்மைப் பார்க்கிறவர்களெல்லாம் “சொந்த ஊருக்குத் திரும்பிட்டீக” என்று சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். என் வீட்டுக்காரர் திரும்பினார், சரி. அவர் இந்தப் பரளச்சியில் பிறந்து, இளவயதில் பர்மாவுக்குக் கப்பலேறி, ரங்கூனில் கடை வைத்தவர். நான் ரங்கூனில் பிறந்து ரங்கூனில் வளர்ந்தவள். போகாத ஊருக்கு எப்படித் திரும்ப முடியும்? எனக்கு இந்த அருப்புக்கோட்டைச் சீமைதான் வெளிநாடு. இதை நான் வாய்விட்டே சொல்வேன். ஊரில் எனக்கு ரங்கூன்காரி என்று பேர் விழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது மாசி மாதம். எனக்கு ஐந்தாவது மாதம் நடக்கிறது. கல்யாணமாகி ஆறேழு வருஷம் கழித்து வயிற்றில் தங்கிய பிள்ளை என்பதால் வீட்டுப்படி தாண்ட அனுமதியில்லை. யுத்தம் ஓய்ந்து கப்பல்கள் மறுபடியும் ஓடத் தொடங்கியிருக்கின்றன. என் வீட்டுக்காரர் கப்பலில் இடம் பிடிக்க மதராஸ் போயிருக்கிறார். பங்குனியில் கிளம்பிவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். என் அம்மா யுத்தம் முழுவதும் ரங்கூனிலேயே இருந்தாள். குண்டுக்கும் பஞ்சத்துக்கும் தப்பி உயிரோடிருக்கிறாள் என்று சேதி வந்திருக்கிறது. என் பிள்ளை அவள் கையில் பிறக்க வேண்டும். ரங்கூன் மண்ணில் பிறக்க வேண்டும். எனக்கு இருக்கிற ஒரே பிடிவாதம் இதுதான். பனி முடியட்டும், பங்குனி பிறக்கட்டும் என்று அடுப்படியில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நான் இங்கே வந்து சேர்ந்த கதையைச் சொன்னால் சிரிப்பீர்கள். மதுரையிலிருந்து கரியைப் போட்டு ஓட்டுகிற பஸ்ஸில் வந்தோம். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காததால் வண்டியின் பின்னால் ஓர் அடுப்பைக் கட்டியிருந்தார்கள். ஏற்றம் வந்தபோதெல்லாம் இறங்கித் தள்ளினோம். பாளையம்பட்டி தாண்டி அருப்புக்கோட்டையில் இறங்கியபோது என் முகம் எது, பஸ்ஸின் முகம் எது என்று அடையாளம் தெரியவில்லை. அங்கிருந்து மாட்டுவண்டி. வழியெல்லாம் கறுப்பு மண்ணும் வேலிக்கருவையும். பரளச்சிக்கு வந்து வீட்டு வாசலில் இறங்கினால் கதவு சாத்தியிருக்கிறது. எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, “பேச்சியக்கா காட்டுக்குப் போயிருக்காக. இப்ப வந்துருவாக” என்றாள்.

எனக்குத் திக்கென்றது. பொழுது சாய்கிற நேரத்தில் ஒற்றைப் பொம்பளை காட்டுக்குப் போவதா? பர்மாவில் காடு என்றால் காடு. தேக்கு வானத்தை மறைத்து நிற்கும். யானையும் புலியும் இருக்கும். போனவன் திரும்புவது தெய்வச்செயல். “துணைக்கு யாராவது போயிருக்காங்களா? துப்பாக்கி எடுத்துட்டுப் போனாங்களா?” என்று நான் கேட்டேன். எதிர்வீட்டுக்காரி என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். இந்த ஊரில் புஞ்சை நிலத்தைத்தான் காடு என்கிறார்கள் என்று அவர் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி வைத்திருக்கலாம். மனிதருக்கு அது தோன்றவில்லை. மதினி கடலைச் செடியில் களை பிடுங்கிவிட்டு, கையில் ஒரு கத்தை கீரையோடு சாவகாசமாக வந்தார். துப்பாக்கிக் கதை அவருக்கு முன்பே ஊரைச் சுற்றிவிட்டு வந்திருந்தது. “புலியச் சுட்டு வச்சிருக்கேன் தாயி, கொழம்பு வைக்கவா?” என்றார். அதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

அந்த வருஷத்துப் பனிக்காலத்தில் நான் செய்த காரியம் அதைவிடப் பெரிது. துணிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம். சேலை ஒன்று வாங்க அருப்புக்கோட்டை டவுனில் கால் கடுக்க வரிசையில் நிற்க வேண்டும். அத்தனை தறிகள் ஓடுகிற ஊர்; ஆனால் நூலுக்கே தட்டுப்பாடு. அப்படியிருக்கையில் ஒருநாள் சாயங்காலம் பின்பக்கம் போனேன். வெள்ளை வேட்டிகள் வரிசையாகச் செடிமேல் கிடக்கின்றன. பனி இறங்கத் தொடங்கிவிட்டது. துவைத்துக் காயப்போட்டவர் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். ரங்கூனில் காய்ந்த துணியைப் பனிக்கு முன்னால் எடுக்காவிட்டால் பூஞ்சை பூத்துவிடும். அம்மா விளக்குமாற்றைத் தூக்கிவிடுவாள். புகுந்த வீட்டில் நல்ல பேர் வாங்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஏது? எல்லா வேட்டியையும் அள்ளிக்கொண்டு வந்து, உதறி, மடித்து, பெட்டியில் அடுக்கி, மேலே நாலு வேப்பிலையும் போட்டு வைத்தேன். விடிகாலையில் மதினி புஞ்சையில் நின்று போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. “களவாணிப் பயலுக பனியில நனைஞ்ச வேட்டியையுமா விட்டு வைக்க மாட்டாங்க!” என்று அவர் மண்ணை வாரித் தூற்றப் போகிற சமயத்தில் நான் பெட்டியைத் திறந்து காட்டினேன், பெருமையாக.

கூட்டம் சிரித்த சிரிப்பில் எனக்கு அழுகை வந்துவிட்டது. மதினி மட்டும் சிரிக்கவில்லை. ஒரு வேட்டியை எடுத்து விரித்துப் பார்த்தார். “மடிப்பு நல்லாத்தான்த்தா மடிச்சிருக்க” என்றார். பிறகு என் கையைப் பிடித்துப் புஞ்சைக்குக் கூட்டிக்கொண்டு போய், செடியில் நின்ற பனித்துளியை விரலால் தொட்டு என் நாக்கில் வைத்தார். சுரீரென்று புளித்தது. மழையின் ஈரத்தில் விதைத்துவிட்டால் அதற்குப் பிறகு இந்தச் செடி பனியை மட்டுமே குடித்துக் காய்க்கும், அதனால்தான் பனிக்கடலை என்கிறோம் என்று அன்றைக்குச் சொன்னார். பனியைச் சனியன் என்று திட்டிக்கொண்டிருந்த எனக்கு அது புதிய சேதி.

அந்தப் புளிப்புதான் இந்த வருஷம் என்னைக் காப்பாற்றியது. மசக்கையில் தண்ணீர்கூட வயிற்றில் நிற்காமல் தை முழுவதும் சுருண்டு கிடந்தேன். கம்பங்கூழைக் கண்டாலே ஓங்கரித்தது. மதினி காலையில் பிழிந்ததில் சில சொட்டைத் தண்ணீரில் விட்டுக் கொண்டுவந்து நீட்டுவார். குடித்தால் அரைமணி நேரத்தில் பசிக்கும். “ரங்கூன்ல இதுக்கு என்ன குடுப்பாக?” என்று கேட்டார். புளிச்சக்கீரையை இறால் போட்டு வதக்கிக் கொடுப்பார்கள் என்றேன். இறாலா என்று முகத்தைச் சுளித்தார்.

பகலெல்லாம் வேலையில்லாமல் அடைந்து கிடந்தால் மனசு எங்கே போகும்? ரங்கூனுக்குத்தான். அங்கே இந்த நாளில் மரங்களெல்லாம் இலையைக் கொட்டிவிட்டு வெறுமனே நிற்கும். அப்புறம் ஒருநாள் கண்விழித்தால் இலவமரம் சிவப்பாகப் பூத்திருக்கும். சித்திரையில் முதல் தூறல் விழுந்த மறுநாள் படாவ் மரங்கள் சொல்லி வைத்ததுபோல் மஞ்சளாகப் பூக்கும். பூத்த அன்றே உதிர்ந்துவிடும் என்பதால் பெண்டுகள் அடித்துப்பிடித்துப் பறித்துக் கொண்டையில் செருகிக்கொள்வார்கள். கூடவே திஞ்சான் திருவிழா வந்துவிடும். தெரிந்தவர் தெரியாதவர் எல்லார் தலையிலும் தண்ணீர் கொட்டலாம். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. மோன்லோன்யேபோ என்று வெல்லம் வைத்த மாவுருண்டை கொடுப்பார்கள். அதில் சிலவற்றுக்குள் வெல்லத்துக்குப் பதிலாக மிளகாயை வைத்துவிடுவார்கள். என் அண்ணனுக்கு வருஷா வருஷம் மிளகாய்தான் கிடைக்கும். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வசந்தம் என்ற சொல்லைச் சொல்லிக் கொடுத்தபோது எங்களுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார், முடிந்தது.

அந்த ஞாபகத்தில்தான் ஒருநாள் கேட்டேன். மதினி முற்றத்தில் உட்கார்ந்து மல்லி புடைத்துக்கொண்டிருந்தார்.

“மதினி, இங்க வசந்தம் எப்ப வரும்?”

“யாரு, பலசரக்குக்கடைக்காரர் மக வசந்தாவா? அவ பொங்கலுக்கே வந்துட்டுப் போயிட்டாளேத்தா.”

“ஆள் இல்ல மதினி. காலம். பனி முடிஞ்சு, வெயில் வர்றதுக்கு முன்னாடி வருமே, மரமெல்லாம் துளிர்த்துக்கிட்டு...”

மதினி முறத்தை நிறுத்திவிட்டு நிஜமாகவே யோசித்தார். “பனி முடிஞ்சா வெயிலு. நடுவுல என்னத்தா கெடக்கு? வேம்பு துளிர்க்கும். அதுக்கெல்லாம் நாங்க பேரு வச்சுக் கூப்பிடுறதில்ல.” மறுபடியும் புடைக்கத் தொடங்கியவர், தலையைத் தூக்காமலே சொன்னார்: “நீ உள்ளுக்குள்ள பங்குனியக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கிறது எனக்குத் தெரியும். கூப்பிடு, வேண்டாங்கல. ஆனா கொஞ்சம் மெதுவாக் கூப்பிடு. என் கடலை இன்னும் பால்பிடிக்கல.”

அவர் சொன்னதில் விளையாட்டு பாதி, பயம் பாதி. இந்த வருஷம் கார்த்திகை மழை ஏமாற்றிவிட்டது. கம்பு கருகிப்போய் மாட்டுக்குத் தீவனமானது. பருத்தி எழும்பவேயில்லை. மதினிக்குப் புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. அந்தப் புஞ்சைதான் எல்லாம். அதில் இந்த வருஷம் மிஞ்சி நிற்பது கடலை ஒன்றுதான். கடலைக்கோ பனியை விட்டால் வேறு கதியில்லை. அனல்காற்று முந்திக்கொண்டால் பூவோடு கருகும். போக்கிடமில்லாமல் வந்து நின்ற எங்களை இத்தனை வருஷம் தன் அடுப்பில் உலைவைத்துக் காப்பாற்றியவர் அவர். ஒரே கூரைக்குக் கீழே அவர் பனி நிற்கவேண்டும் என்று கும்பிடுகிறார். நான் பனி போகவேண்டும் என்று கும்பிடுகிறேன். சாமி யார் பக்கம் திரும்பும்?

இதுவரை உள்ளதை மாசிப் பிறப்பில் எழுதி வைத்தேன், மீதியை இப்போது எழுதுகிறேன். மாசி பாதியில் ஒருநாள் காலை எழுந்தபோது கம்பளி கீழே கிடந்தது. குளிரவில்லை. மேற்கிலிருந்து வெதுவெதுவென்று ஒரு காற்று. வாசல் வேம்பு சடசடவென்று இலையைக் கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் துள்ளியது. வந்துவிட்டது, என் பங்குனி வந்துவிட்டது! இரண்டு கதவையும் அகலத் திறந்து போட்டேன். திஞ்சானில் பாடுகிற பர்மாப் பாட்டு ஒன்று தானாக வாயில் வந்தது. வார்த்தை பாதி மறந்துபோயிருந்தும் விடாமல் பாடிக்கொண்டே பின்கட்டுக்குப் போனேன். மதினி புஞ்சையிலிருந்து வந்துகொண்டிருந்தார். தோளில் வேட்டிகள். விரித்தபோது எப்படி இருந்தனவோ அப்படியே உலர்ந்து கிடந்தன.

“ஒரு சொட்டு இல்லத்தா” என்றார்.

என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு பேசியிருப்பேன். எனக்கென்ன வாய் இல்லையா? அவர் திட்டவில்லை. கலயத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனார். நான் பாட்டை நிறுத்திக்கொண்டேன். சந்தோஷப்பட்டது தப்பா என்று எனக்குள் கேட்டுப் பார்த்தேன். தப்பில்லை. நான் கூப்பிட்டதால் காற்று வந்துவிடவில்லை. ஆனாலும் அன்றைக்கு அவர் போட்ட சோறு எனக்கு இறங்கவில்லை. அடுத்தடுத்த நாளும் அதே காற்று. செடியின் நுனியெல்லாம் பழுக்கத் தொடங்கியது. மதினி சாயங்காலம் தவறாமல் வேட்டிகளை விரித்தார். காலையில் உலர்ந்ததை எடுத்து வந்தார். பேச்சு குறைந்துபோனது. அவர் பேசாத வீட்டில் இருப்பது எனக்குப் புதிது. ரங்கூனில் குண்டு விழுந்த நாட்களில்கூட எனக்கு அப்படி மூச்சு முட்டியதில்லை.

பிறகு ஒரு விடிகாலையில் உடம்பு வெடவெடத்து விழித்தேன். மதினி அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். பிள்ளைத்தாய்ச்சி பனியில் இறங்கக் கூடாது என்ற கட்டளையைக் காற்றில் விட்டுவிட்டு வெறுங்காலோடு புஞ்சைக்குப் போனேன். நாலு அடி வைப்பதற்குள் கால்விரலெல்லாம் சில்லென்று நனைந்துவிட்டது. வேட்டியைத் தொட்டால் கனத்துக் கிடக்கிறது. “மதினி! பனி! பனி விழுந்திருக்கு மதினி!” என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன். அவர் அள்ளி முடியாத தலையோடு ஓடிவந்தார். வேட்டியின் ஒரு முனையை அவரும் ஒரு முனையை நானும் பிடித்து முறுக்கினோம். தண்ணீர் கலயத்தில் கொட்டியது. என் கைவெடிப்பில் புளிப்பு ஏறி எரிந்தது. மதினி ஒரு கண்ணால் சிரித்து ஒரு கண்ணால் முறைத்தார். “கூறு கெட்ட சிறுக்கி, வயித்துப் பிள்ளையோட பனியில நிக்கிறா பாரு!” என்று என்னைப் பிடித்து உள்ளே தள்ளினார். அடுப்பருகே உட்கார்ந்து கையை அனலில் காட்டும்போதுதான் எனக்குக் கப்பல் ஞாபகம் வந்தது. இத்தனை நேரம் எங்கே போயிருந்தது அது?

என் வீட்டுக்காரர் அதற்கு அடுத்த வாரம் வந்து சேர்ந்தார். சட்டையெல்லாம் புகைக்கரி. முகத்தைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, சேதியில் பாதிதான் நல்லது என்று. சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, “ஒரு எடந்தான் கெடைச்சிருக்கு” என்றார். முன்பு அங்கே கடை வைத்திருந்த ஆண்களை இப்போதைக்கு ஏற்றுகிறார்களாம். பெண்டுபிள்ளைகள் பிறகாம். எப்போது என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாதாம். பங்குனி முதல் வாரம் கப்பல்.

“கப்பல்காரனுக்குக் கண் அவிஞ்சா போச்சு? ஆம்பளை மட்டும் போய் அங்க சோறாக்கித் திங்கவா?” என்று நான் போட்ட போட்டில் எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அவர் பொறுமையாக இருந்தார். மதராஸில் அவர் பார்த்த ஒருவர் ரங்கூனிலிருந்து அப்போதுதான் வந்தவராம். அம்மாவைக் கண்ணால் கண்டவர். வீடு நிற்கிறது, கூரை பாதி இல்லை. அம்மா வாசலில் உட்கார்ந்து பலகாரம் சுட்டு விற்கிறாளாம். எங்கள் கடை இருந்த இடத்தில் வேறு யாரோ சாமான் இறக்குகிறார்களாம்.

“நீ சொல்லு. நான் போகலைன்னா கப்பல்ல அந்த எடத்த வேற ஆளுக்குக் குடுத்துருவாக. குடுக்கட்டும். ரெண்டு பேரும் சேந்து எப்பப் போக முடியுதோ அப்பப் போவோம். இல்ல, என்னையப் போகச் சொன்னா போறேன்.”

அடுப்படியில் மதினி ஏதோ கழுவிக்கொண்டிருந்தவர் சத்தத்தை நிறுத்திவிட்டார். புருஷன் பெண்டாட்டி பேச்சில் நுழைய மாட்டார்; காதை மட்டும் அனுப்பி வைப்பார். நான் அம்மாவை நினைத்தேன். கூரையில்லாத வீட்டில் வைகாசி மழை வந்தால் எங்கே ஒதுங்குவாள்? இவரை இங்கே பிடித்து வைத்துக்கொண்டால் எனக்கு ஆறுதல், அவளுக்கு? பிள்ளை ரங்கூனில் பிறக்க வேண்டும் என்ற என் பிடிவாதத்தையும் நினைத்துப் பார்த்தேன். அதை விட்டுக்கொடுக்க எனக்கு எவ்வளவு வலித்தது என்பதை எழுதிக்காட்ட எனக்குத் தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

“நீங்க போங்க. மொதல்ல கூரையைப் போடுங்க. அப்புறம் கடை. எனக்கு எடம் கிடைக்கிற அன்னிக்கு நான் பிள்ளையைத் தூக்கிட்டு வர்றேன்.”

“அப்ப பிள்ள...”

“இங்கதான் பிறக்கும். அதுல என்ன?”

அதில் என்ன என்று கேட்டுவிட்டு அழுதேன். நன்றாகவே அழுதேன்; மறைக்க என்ன இருக்கிறது. மதினி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். “ஏலே தம்பி, அவ பேறுகாலத்தைப் பாத்துக்கிட நான் இருக்கேன். நீ கப்பல்ல தலைசுத்திக் கவுந்து விழுகாமப் போய்ச் சேரு” என்றார். ஒரு சீசாவில் கடலைப்புளிப்பை ஊற்றிக் கட்டித் தம்பியின் பையில் வைத்தார். பாதி வழிக்கு, பாதி சம்பந்தியம்மாவுக்கு என்று கண்டிப்பாகச் சொல்லியும் விட்டார். என் அம்மாவும் மதினியும் ஒருவரையொருவர் பார்த்ததே கிடையாது.

என் வீட்டுக்காரர் கிளம்பிப்போய்ச் சில நாட்களாகின்றன. பனி இன்னும் இருக்கிறது, தேய்ந்துகொண்டு. கடலை முழு விளைச்சல் இல்லை. பாதிக்கு மேல் தேறிவிடும் என்கிறார் மதினி. நான் தெம்பாகத்தான் இருக்கிறேன். பசிக்கிறது, தூங்குகிறேன், எதிர்வீட்டுக்காரியோடு சண்டை போடுகிறேன்.

நேற்றுக் காலை அருப்புக்கோட்டையிலிருந்து ஒரு வியாபாரி வந்திருந்தார், காயைப் பார்த்து விலைபேச. வெயில் ஏறிவிட்டதால் என்னையும் வெளியே விட்டிருந்தார்கள். வரப்போரத்தில் நின்று ஒரு காயை உரித்துத் தின்றுகொண்டே, நடுநடுவே நானும் விலையில் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தேன். வியாபாரி மதினியோடு பேசி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். என் பேச்சு வேறு மாதிரி இருந்ததைக் கவனித்திருப்பார் போல.

“எந்த ஊரு தாயி?” என்று கேட்டார்.

“ரங்கூன்” என்றேன் நான். அதே சமயம் எனக்குப் பின்னாலிருந்து “பரளச்சிதான்” என்றார் மதினி.

வியாபாரி எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டுல எதும்மா?”

நான் இடுப்பில் கையை ஊன்றி நிமிர்ந்து நின்றேன். மற்றொரு கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டேன்.

“நான் அந்த ஊரு” என்றேன். “வயித்துல இருக்கிற இவுக இந்த ஊரு.”